ஏரிக்குக் கீழே 10 ஏக்கர்: நில உபயோக மாற்றத்தில் சங்கமும் பில்டரும் பேச வேண்டியது என்ன?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது. தாம்பரத்தைத் தாண்டி, ஓர் ஏரியின் கீழ்ப்புறம் வேகமாக வளரும் புறநகர்ப் பகுதி. மாஸ்டர் பிளானில் விவசாய மண்டலமாக உள்ள 10 ஏக்கரைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றித் தரும்படி ஒரு பில்டர் விண்ணப்பித்து, செய்தித்தாளில் அறிவிப்பும் வந்துவிட்டது. குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டோம் என்கிறது. பில்டர் தரப்பு, சாலை அகலமாகும், கடைகள் வரும், உங்கள் மனை மதிப்பும் ஏறும் என்கிறது. நிலத்தை விற்கும் ஊர்க்காரர்கள் பில்டர் பக்கம். யார் பக்கம் நியாயம், என்ன செய்வது?

மனைப்பிரிவு, நில உபயோகக் கோப்புகளோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கட்டலாமா, கூடாதா" என்று இரண்டு பக்கமும் மோதிக்கொண்டிருந்தால் ஆட்சேபனை தெரிவிக்கும் கெடு முடிந்துவிடும். நிலத்தின் மட்டம் எவ்வளவு உயரும், மழைத்தண்ணீர் எந்த வழியாக எங்கே போகும், எத்தனை வீடு வரும் ஆகிய மூன்றுக்கும் மண்டலம் மாறுவதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குவதுதான் சங்கத்தின் வேலை. பின்னால் கேட்டால் கேட்டதாகவே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1,189 சதுர கிலோமீட்டரில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு மண்டலம் குறிக்கப்பட்டது. அதை மாற்ற வேண்டுமானால் 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவின்படி சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாற்ற வேண்டும். விண்ணப்பம், செய்தித்தாள் அறிவிப்பு, உள்ளாட்சியின் கருத்து, துறைகளின் கருத்து, தொழில்நுட்பக் குழு, குழுமக் கூட்டம், கடைசியில் அரசிதழ். உங்கள் சர்வே எண் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் என்றால் வழக்கமாக டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அலுவலகம். மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த சங்கங்கள் உண்டு.

இந்த வரிசையில் அக்கம்பக்கத்தாரை முறைப்படி கேட்கும் இடம் அந்தச் செய்தித்தாள் அறிவிப்பு ஒன்றுதான். மண்டலம் மாறிய பிறகு வரும் திட்ட அனுமதிக்கு உங்களுக்கு யாரும் அறிவிப்பு அனுப்ப மாட்டார்கள்; விதிப்படி வரைபடம் இருந்தால் அனுமதி கிடைக்கும். பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் அது தேவைதான். ஆனால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஆகவே செய்தித்தாளின் மூலையில், சிறு எழுத்தில், சர்வே எண் மட்டும் போட்டு வரும் அந்த அறிவிப்புதான் உங்களுக்கான வாசல். ஊருக்குள் புல்டோசர் வந்த பிறகு நடக்கும் மறியல், மனு, டிவி பேட்டி எல்லாம் இந்த வாசல் மூடிய பிறகு நடப்பவை.

அடுத்து எத்தனை வீடு என்ற கணக்கு. பில்டர் காட்டும் வண்ணப் படத்தில் தோட்டத்தோடு தனி வீடுகள் இருக்கலாம். அந்தப் படம் யாரையும் கட்டுப்படுத்தாது. மண்டலம் மாறிவிட்டால், 2019-ஆம் ஆண்டு வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் எவ்வளவு அனுமதிக்கின்றனவோ அவ்வளவு கட்டலாம். 18.30 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 2. உயர்மாடிக் கட்டடம், 18 மீட்டர் சாலை என்றால் 3.25. அதற்கு மேல் கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். 10 ஏக்கர் என்பது 4,35,600 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்று எடுத்தாலே 8.7 லட்சம் சதுர அடி. ஒரு வீட்டுக்கு ஆயிரம் சதுர அடி வீதம் போட்டால் 800 வீடுகளுக்கு மேல். 3.25 என்றால் 1,400-ஐத் தொடும். நிலத்தை இன்னொருவருக்கு விற்றாலும் மாறிய மண்டலம் நிலத்தோடுதான் போகும். அதனால் சங்கம் விவாதிக்க வேண்டியது அந்தப் படத்தை அல்ல, இந்த உச்ச வரம்பை. 1,400 குடும்பங்களின் கழிவுநீர், குடிநீர், காலை எட்டரை மணிக்கு ஜிஎஸ்டி சாலையை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை) நோக்கிப் போகும் வண்டிகள் ஆகியவற்றை வைத்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இனி மட்டம். சென்னைப் புறநகரில் இந்த விஷயம் வேறு எதையும் விடப் பெரியது. ஆனால் கூட்டங்களில் குறைவாகவே பேசப்படுகிறது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக வழிந்து, வாய்க்கால் பிடித்துக் கீழ் ஏரிக்குப் போகும். மதகு வழியாக வரும் தண்ணீர் ஆயக்கட்டு நிலத்துக்கு, அதாவது அந்த ஏரியின் பாசன நிலத்துக்கு, பாயும். ஆயக்கட்டில் நெல் இருந்தவரை அந்த நிலமே மழைநீரைத் தாங்கியது. 10 ஏக்கரில் வரப்பு 15 சென்டிமீட்டர்தான் என்று வைத்தாலும் சுமார் 6,000 கன மீட்டர் நிற்கும். அதாவது 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 500 கொள்ளும் அளவு. பெருமழையில் முதல் சில மணி நேரம் அந்தத் தண்ணீர் தெருவுக்கு வராமல் அங்கே நின்றது.

மண்டலம் மாறிய பிறகு என்ன நடக்கிறது? நீர்வளத் துறை, வெள்ள ஆபத்து குறித்த தடையின்மைச் சான்று கொடுக்கும்போது, மனையைக் குறிப்பிட்ட மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். புதிதாக வீடு வாங்குபவரின் வரவேற்பறையில் தண்ணீர் வரக்கூடாது என்பதற்காகப் போடப்படும் நிபந்தனை அது. அவர் கோணத்தில் சரியானதுதான். ஆனால் 10 ஏக்கரை 1.2 மீட்டர் உயர்த்தினால், வெள்ள நேரத்தில் அங்கே நிற்கக்கூடிய 48,000 கன மீட்டருக்கும் மேற்பட்ட தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. அது பக்கத்தில் தாழ்வாக இருக்கும் பழைய மனைப்பிரிவுக்குத்தான் வரும். இருபது வருடம் முன்பு நீங்கள் வீடு கட்டியபோது தெருமட்டம் சரியாகத்தான் இருந்திருக்கும். சுற்றிலும் ஒவ்வொருவராக மண் கொட்டி உயர்த்த, நடுவில் உங்கள் தெரு சட்டியின் அடிபோல ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சான்றும் அதனதன் மனைக்குச் சரி. பக்கத்து மனையின் கணக்கை மட்டும் எந்தச் சான்றும் போடுவதில்லை.

வாய்க்கால் விஷயத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. வருவாய்த் துறை ஆவணத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனி சர்வே எண்ணோடு இருக்கும் பெரிய கால்வாயை யாரும் சட்டப்படி மூட முடியாது. ஆனால் பட்டா நிலத்துக்குள் ஓடிய கிளை வாய்க்கால்கள் பல புலப்படத்தில் தனியாக வரவே வராது. எஃப்எம்பி (அந்தப் புலப்படம்), ஏ பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), அடங்கல் (பயிர்க் கணக்கு) மூன்றையும் பார்த்த அதிகாரி "நீர்வழி ஏதும் இல்லை" என்று எழுதினால் ஆவணப்படி அது பொய்யும் இல்லை. ஆனால் தண்ணீர் ஆவணம் பார்த்து ஓடுவதில்லை. அந்தக் கிளை வாய்க்கால் எங்கே போனது என்று தெரிந்தவர்கள் அங்கே பயிர் வைத்த பெரியவர்கள். நலச் சங்கங்கள் பெரும்பாலும் அவர்களிடம் பேசுவதே இல்லை.

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அப்போது மூழ்கியதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதி. இத்தனை பெருமழைக்கு எந்த ஊரும் தாங்காது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் மூன்று மணி நேரத்தில் வடிவதற்கும் நான்கு நாள் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த மட்டங்களிலும் வாய்க்கால்களிலும்தான் இருக்கிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நடந்ததைச் சொன்னால், தனித்தனி மனையாகப் பார்ப்பதன் முடிவு எப்படி இருக்கும் என்று புரியும். தென்புறநகரின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் இடம் அது. குப்பைக் கிடங்கு, சாலைகள், அலுவலகங்கள், அடுக்குமாடிகள் என்று பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும் வரை அந்த எல்லைக்குள்ளும் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. அதில் பெரிய நிறுவனங்கள் மட்டும் சிக்கவில்லை. கடன் வாங்கி மனை வாங்கி, ஒரு மாடி வீட்டுக்கு வரைபடம் கொடுத்துக் காத்திருந்த சாதாரணக் குடும்பங்களும் மாட்டிக்கொண்டன. எல்லையை முன்பே தெளிவாகக் குறித்து, எங்கே கூடாது என்று அன்றே சொல்லியிருந்தால் இரண்டு தரப்புக்கும் இந்த அவதி வந்திருக்காது.

சரி, பில்டர் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. சென்னையில் வேலைக்கு வருபவர்கள் எங்காவது குடியிருந்தாக வேண்டும். நகரத்துக்குள் விலை எட்டாதபோது அவர்கள் புறநகருக்குத்தான் வருவார்கள். முறையான வழியை எல்லா இடத்திலும் அடைத்தால் முறையற்ற வழி திறக்கும் என்பதும் நாம் பார்த்ததுதான். பல வருடம் விவசாய நிலங்கள் அனுமதி இல்லாமலே மனையாக வெட்டி விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவை நிறுத்திவைத்தது. பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்த மனைகளில் பலவற்றில் இன்றும் வடிகால் இல்லை, பூங்கா இல்லை, தெரு அகலம் இல்லை. நாலு பக்கமும் பார்த்து அனுமதி பெற்ற ஒரு திட்டம் அதைவிட எவ்வளவோ மேல்.

நிலத்தை விற்கும் ஊர்க்காரர்களின் நியாயம் இதைவிட வலுவானது என்பது என் கருத்து. ஏரிக்குள் கழிவுநீர் வருகிறது, மதகு திறப்பதில்லை, நடவுக்கு ஆள் இல்லை, சுற்றிலும் கட்டடம். வரைபடத்தில் மட்டும் அது விவசாய மண்டலம். பக்கத்து சர்வே எண் குடியிருப்பு மண்டலமாகி ஒன்றுக்குப் பத்தாக விலை போயிருக்க, இவர் மட்டும் பசுமைக்காகக் காவல் காக்க வேண்டுமா? அவரிடம் "விற்காதே" என்று சொல்பவர்களின் வீடும் முப்பது வருடம் முன்பு நஞ்சை நிலம்தான். இதைச் சங்கத்துக்காரர்கள் மனதார ஒப்புக்கொண்டு பேசினால் ஊர்க்காரர்கள் எதிரிகளாக இருக்க மாட்டார்கள். அதே சமயம் "நீங்கள் மட்டும் அன்று வந்தீர்களே" என்ற பில்டரின் வாதம், தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. அன்று செய்த தவறு பெரிய அளவில் திரும்ப நடக்க அது அனுமதிச் சீட்டும் இல்லை.

இனி ஆட்சேபனை மனு. "பசுமை அழியும், நெரிசல் கூடும், அமைதி கெடும்" என்று ஒரே வாசகத்தை இருநூறு பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், "பொதுவான ஆட்சேபனை" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியும். சர்வே எண்ணோடு எழுதப்பட்டதை அப்படித் தள்ள முடியாது. ஏதாவது ஒரு துறை பதில் சொல்லியாக வேண்டும். எஃப்எம்பியும் ஏ பதிவேட்டு விவரமும் இணையத்திலேயே கிடைக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் ஆகும், அதற்குள் கெடு முடிந்துவிடலாம். எனவே அதையும் போடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். 2015, 2023 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தை எந்தத் தெரு, எந்த வீட்டுச் சுவர் என்று தேதியுள்ள படத்தோடு இணையுங்கள். ஒரு சர்வேயரை அமர்த்தி, உங்கள் தெருமட்டம், அந்த நிலத்தின் இன்றைய மட்டம், ஏரிக் கலங்கலின் மட்டம் மூன்றையும் ஒரே அளவுக்குறியிலிருந்து (மட்டம் அளக்க எடுத்துக்கொள்ளும் நிலையான புள்ளியிலிருந்து) எடுத்துவிடுங்கள். பத்து குடும்பம் பகிர்ந்தால் தாங்கக்கூடிய செலவுதான். இந்த ஒரு தாள் நூறு கையெழுத்தைவிடக் கனமானது.

எதிர்ப்பை மட்டும் எழுதாமல், மாற்றம் தரப்படுமானால் என்னென்ன நிபந்தனை வேண்டும் என்றும் எழுதுங்கள். இதைச் செய்தால் எதிர்ப்பு வலுவிழக்கும் என்று சிலர் பயப்படுவார்கள். என் அனுபவம் நேர்மாறானது. நான் எழுதச் சொல்வது இவை. நிலம் முழுவதையும் மண் கொட்டி உயர்த்தாமல், தூண்கள் மேல் கட்டி அடியில் வண்டி நிறுத்தம் வைத்து, நிலமட்டத்தை இயன்றவரை இப்போதுள்ளபடியே விட வேண்டும். உயர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் இழக்கும் கொள்ளளவுக்கு ஈடாக அதே நிலத்துக்குள் குளம் வெட்ட வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் கடந்துபோக, ஆவணத்தில் இல்லாத வாய்க்காலுக்கும் திறந்த கால்வாய் விட வேண்டும். வடிகால் தங்கள் வாசலோடு நிற்காமல், அடுத்த ஏரியோ ஆறோ வரை இணைந்திருக்க வேண்டும். இணைப்பு முடிந்த பிறகே குடியேற்றம்.

இன்னொன்றைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக, அதாவது ஓஎஸ்ஆர் நிலமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும்; பணமாகக் கட்டித் தப்ப முடியாது. 10 ஏக்கரில் அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அது எங்கே வரும் என்பதுதான் விஷயம். கவனிக்காமல் விட்டால் யாருக்கும் பயன்படாத ஒரு கோணல் மூலையில் வந்து சேரும். வாய்க்காலை ஒட்டி, நிலத்தின் தாழ்ந்த பகுதியில், பொதுச் சாலையிலிருந்து நுழையும்படி வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். கோடையில் பிள்ளைகள் விளையாட இடம், மழையில் தண்ணீர் நிற்க இடம்.

பில்டரோடு நேரில் பேசுங்கள். நல்ல பில்டர்கள் பேசத் தயங்க மாட்டார்கள். வழக்கு வந்தால் மாதாமாதம் வட்டி ஏறுவது அவர்களுக்குத்தான். ஆனால் வாய்ப்பேச்சில் நிற்காதீர்கள். சம்மதித்ததை எல்லாம் கடிதமாக வாங்கி, அதன் நகலை உங்கள் மனுவோடு சிஎம்டிஏவுக்கு அனுப்பி, மாற்ற ஆணையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கக் கேளுங்கள். கோயிலுக்கு நன்கொடை, சங்கத்துக்குக் கட்டடம், தெருவுக்கு சிசிடிவி போன்ற உதவிகள் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. வாங்கிய பிறகு மட்டத்தைப் பற்றிக் கேட்க நாக்கு எழாது.

பகுதி இன்னும் ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அது முடிவைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் கோப்பில் ஏறும். உயர் நீதிமன்றம் போகும் நிலை வந்தால், கெடுவுக்குள் என்ன ஆட்சேபித்தீர்கள், அதற்கு என்ன பதில் வந்தது என்பதுதான் முதலில் பார்க்கப்படும். மனு கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

பத்து ஏக்கர், ஐந்து ஏக்கர், மூன்று ஏக்கர் என்று துண்டுதுண்டாக மாற்றிக்கொண்டு போகும் இந்த முறையே தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஒரு ஏரியின் ஆயக்கட்டு முழுவதையும் ஒன்றாக எடுத்து, சாலை எங்கே, வடிகால் எங்கே, கட்டக்கூடாத இடம் எங்கே என்று விரிவு வளர்ச்சித் திட்டம் போட்டு, அந்தச் சுமையையும் லாபத்தையும் எல்லா நில உரிமையாளர்களுக்கும் பகிர்ந்தால், வாய்க்கால் பக்கம் நிலம் வைத்திருப்பவர் மட்டும் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் வேலையில் இதைக் கேட்கலாம். உங்கள் ஏரியின் ஆயக்கட்டு சர்வே எண்களைப் பட்டியலிட்டு, சங்கமும் ஊர்க்காரர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அறிவிப்பின் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்எம்பி அச்சுப் படியை எடுத்துக்கொண்டு, அந்த நிலத்தில் பயிர் வைத்த இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டு, மதகிலிருந்து கீழே வரை ஒருமுறை கூடவே நடந்து, அவர்கள் காட்டும் வாய்க்காலை அந்தத் தாளில் பேனாவால் வரைந்து வாங்குங்கள். நில உரிமையாளர் ஒருவரும் உடன் வந்தால் இன்னும் நல்லது. அந்தத் தாளும் சர்வேயர் எடுத்த மட்டங்களும் கையில் வந்த பிறகு பில்டரோடு கூட்டம் வையுங்கள்.